ராகி விதையின் ஊரைக் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள்

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய அரைக் கிலோ ராகியோடு வந்து, "இது கோலார் ரகம் அக்கா, டி.என்.ஏ. எடுக்கலாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். தர்மபுரிப் பெண், களி தின்று வளர்ந்தவள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். செங்கல் நிறத்தில் பாதி, கருஞ்சிவப்பில் கொஞ்சம், நடுநடுவே வெளிறிய மணிகள். பல வயல்களின் அறுவடை ஒரே பையில் கலந்திருந்தது. கோலார் என்பது மூட்டை ஏறிய ஊர். விதையின் ஊர் வேறாக இருக்கலாம். எந்தக் கிராமம், யாருடைய வயல், எத்தனை வருடமாக அந்த வீட்டில் விதை எடுத்து வைக்கிறார்கள் என்ற விவரம் இல்லாத தானியத்தை, எந்த ஊர் ரகம் எதற்கு உறவு என்று காட்டும் மரபணு வரைபடத்தில் சேர்க்கவே கூடாது. நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்.

வயலுக்கே போனாலும் எச்சரிக்கை வேண்டும். மண்டியாவில் பயிர் விஞ்ஞானி லட்சுமணய்யா இந்திய ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் கலந்து உருவாக்கியவை இண்டாஃப் ரகங்கள். இரு நிலங்களின் பெயரும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்த வழியில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் பிறந்த ஜி.பி.யு. 28 குலை நோயைத் தாங்கும். அதனால் விவசாயிகள் விரும்பி விதைக்கிறார்கள். இவற்றை நாட்டு ரகம் என்று எண்ணி ஆராய்ந்தால், இருபதாம் நூற்றாண்டில் நடந்த கலப்பு பழங்கால உறவாகத் தெரியும்.

இங்கே இத்தனை ரகங்கள் இருப்பதால் கேழ்வரகு நம் மண்ணில்தான் பிறந்தது என்று சொல்வதும் தவறு. அதைப் பயிராக்கியவர்கள் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்து மக்கள். அதன் காட்டு மூதாதையும் ஆப்பிரிக்கப் புல்தான். பிறகு இங்கே வந்து, நம் உழவர்களின் கையில் புதிதாகப் பெருகியது. அந்தப் பெருமை நமக்குப் போதும்.

கதிரின் வடிவத்தை வைத்து உறவு சொல்லாதீர்கள். மூடிய முஷ்டி போன்ற கதிரும் விரித்த விரல் போன்ற கதிரும் ஒரே வட்டாரத்தில் விளைகின்றன.

ஆய்வகத்தில் நடக்கும் பிழை இன்னும் நுட்பமானது. கேழ்வரகின் 36 குரோமோசோம்கள் இரண்டு வேறு புல்லினங்களிலிருந்து சேர்ந்தவை. டி.என்.ஏ.யில் ஓர் இடத்தை அடையாளம் காட்ட நாம் பயன்படுத்தும் ஒரே மார்க்கர் இரண்டு குரோமோசோம் தொகுதிகளிலும் ஒட்டிக்கொண்டு, டி.என்.ஏ. துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டு பட்டைகளைக் காட்டும். உடனே "கலப்புச் செடி" என்று எழுதிவிடுகிறார்கள். தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர் இது. அயல் சேர்க்கை மிக அரிது. செடிக்குச் செடி இரட்டைப் பட்டை வந்தால், செடியைவிட மார்க்கரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தன் மகரந்தத்தையே ஏற்கும் இதே குணத்தால் பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூடத் தனித்தனி வம்சமாக நிற்கும். வயலுக்கு ஒரு கதிர் போதாது. ஓர் ஊரில் ஐந்து, இன்னோர் ஊரில் நூறு என்று எடுத்துவிட்டு எங்கே பன்மை அதிகம் என்று ஒப்பிடுவதும் செல்லாது. அதிகம் எடுத்த இடத்தில் அதிகம் தெரியத்தான் செய்யும்.

அறுவடைக் காலத்தில் அந்த மாணவி கோலாருக்குப் பஸ் ஏறுகிறாள். கதிருக்கு ஒரு காகித உறை, உறைமேல் ஊரும் உழவர் பெயரும் தேதியும். பென்சிலால் எழுதச் சொல்லியிருக்கிறேன். பனி ஈரத்தில் மை கலைந்துவிடும்.