கிரவல் டிப்பர் ஊருக்குள் வந்தால்

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் சிறுகுளத்தின் கீழ் 40 ஏக்கர் வயல் இருக்கிறது. குளத்துக்குத் தண்ணீர் இறங்கி வரும் பற்றைக்காட்டில் கிரவல், அதாவது சரளை மண், அள்ள முதல் குழி வெட்டினபோது நான்தான் கமக்காரர் அமைப்பின் செயலாளர். ஒரு குழிதானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாரியில் மழைத் தண்ணீர் குழிகளுக்குள்ளேயே நின்றது. குளம் நிரம்பி வான் பாயவில்லை. அந்த வருடம் சிறுபோகம் இல்லை. என் பிழை உங்கள் ஊரில் நடக்கக்கூடாது.

பெக்கோ இயந்திரம் இறங்கினால் உடனே "சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தார்களா?" என்று கேட்போம். ஒரு வேலையால் சுற்றாடலுக்கு என்ன கேடு வரும் என்று தொடங்குமுன் ஆராய்வதுதான் அது. எல்லா வேலைக்கும் அது தேவையில்லை என்பதே முதல் ஏமாற்றம். எவற்றுக்குத் தேவை என்ற பட்டியல் 1993 யூன் மாத வர்த்தமானியில் இருக்கிறது. காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவதென்றால் 1 ஹெக்டேயருக்கு மேல், அதாவது இரண்டரை ஏக்கர். காணி துப்புரவாக்குவதென்றால் 50 ஹெக்டேயருக்கு மேல். நிலத்தின் மேற்பரப்பில் அகழ்வதென்றால் 10 ஹெக்டேயருக்கு மேல், கிட்டத்தட்ட 25 ஏக்கர். எங்கள் ஊர்க் குழிகள் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று ஏக்கர்தான்; தனியாகப் பார்த்தால் இந்த அகழ்வு அளவை எட்டாது.

ஆனால் அகழ்வு பற்றிய வரியில் "மொத்தப் பரப்பு" என்ற கருத்து இருக்கிறது; குழிகளைக் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்க அதுதான் பிடி. அதை விடாமல் பிடியுங்கள். எந்தக் காணிக்கு, எத்தனை ஏக்கருக்கு, என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள் என்று புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். தமிழிலேயே எழுதலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பட்டியலில் உள்ள வேலை வனவிலங்குச் சரணாலய எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வந்தால், அளவு எவ்வளவு சிறிதானாலும் மதிப்பீடு வேண்டும். நீர்த்தேக்கத்தின் நிரம்பு மட்டத்துக்கு மேலுள்ள ஒதுக்கு நிலத்துக்கும் அப்படியே. ஆகவே அலைகரை, அதாவது குளம் நிறைந்தால் தண்ணீர் தொடும் கரை, எங்கே முடிகிறது என்று பழைய நில அளவை வரைபடத்தில் பாருங்கள்.

மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கருத்து எழுதிக் கொடுக்கப் பொதுமக்களுக்கு 30 நாள் இருக்கிறது. "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த ஓடை, எந்தத் துருசு, எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். முழு மதிப்பீடு இல்லாமல், அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை மட்டும் நடந்தால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த 30 நாள் கிடையாது. என்றாலும் அது பொது ஆவணம், போய்ப் படிக்கலாம்.

பட்டியலில் சொன்ன எல்லை அளவுக்குக் கீழே இருந்தால் சுற்றாடல் சட்டத்தின் இந்தப் பகுதி உதவாது. சிறுகுளத்தின் கதை பெரும்பாலும் இங்கேதான் முடிந்துபோகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போது அனுமதிப்பத்திர நிபந்தனை மீறல்களைப் படத்தோடு எழுதிக் கொடுங்கள். குளத்துக்கு வந்த சேதத்தைக் கமநல சேவை நிலையத்தில் பதிவு செய்யுங்கள். பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

அளப்பதற்குக் கைத்தொலைபேசி போதும். குழியின் விளிம்பைச் சுற்றி நடந்து, கூகுள் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நாங்கள் எல்லாக் குழிகளையும் கூட்டிப் பார்த்தபோது 27 ஏக்கர் வந்தது. அதை ஆவணியிலேயே செய்யுங்கள். மாரி பிறந்து தண்ணீர் நிறைந்தால் விளிம்பு தெரியாது.