கிராண்ட் கேன்யன்: இறங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆழமான பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனுக்கு முதல்முறை போகிறவர்கள் தெற்கு விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம் என்பதால், சமதளத்தில் நடந்தாலே மூச்சு வாங்கும்.

மற்ற மலைகளில் களைத்தபின் இறக்கம். இங்கே களைத்தபின்தான் ஏற்றம். இறங்க ஒரு மணி நேரம் ஆனால், ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிரைட் ஏஞ்சல் பாதையில் 1.5 மைல் ஓய்விடம் வரை போய்த் திரும்பினால் சுமார் 5 கிலோமீட்டர். முதல் தடவைக்கு அதுவே தாராளம். வழியில் தண்ணீர் வருகிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சவுத் கைபாப் பாதையில் காட்சி அபாரம், ஆனால் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது.

கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை ஏறவே ஏறாதீர்கள். அடிவாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்து, சட்டையில் வெள்ளை உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். அந்த உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டும், புத்தி தடுமாறும். உப்புக்கடலை கையில் இருக்கட்டும்.

கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல், பாறைச்சுவரை ஒட்டி அசையாமல் நில்லுங்கள்.

1869-இல் ஆய்வுப்பயணி ஜான் வெஸ்லி பவல் இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றைப் படகில் கடந்தார், 1919-இல் தேசியப் பூங்கா ஆனது என்பதோடு வரலாற்றை முடித்துவிடக் கூடாது. பிரைட் ஏஞ்சல் பாதையே இங்கத்திய பூர்வகுடிகளான ஹவசுபாய் மக்கள் நடந்து உருவான தடம். பூங்காவுக்காக அவர்களை வெளியேற்றிய தோட்டத்துக்கு 2022-இல்தான் ஹவசுபாய் கார்டன்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.