கண்மாயைக் காட்டிப் பாடம் நடத்தப் போகிறீர்களா? தண்ணீர் இல்லாத மாதத்தில் போங்கள்

நீர்வளப் பாதுகாப்புக்கென்று பள்ளியில் ஒரு நாள் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஓவியப் போட்டி, பேரணி, பத்து மரக்கன்று, குரூப் போட்டோ. நானும் இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன். மூன்றாம் வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "நம்ம கண்மாய்க்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். "மழையிலேருந்து சார்" என்றான். தப்பில்லைதான், ஆனால் கண்மாய்க்குள் விழுகிற மழை மட்டும் கண்மாயை நிரப்பாது. மேட்டில் பெய்து வரத்துக் கால்வாய் வழியாக இறங்கி வருவதுதான் நிரப்பும், அந்தக் கால்வாயை வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பார்த்ததில்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரி என்று சொல்கிற வட மாவட்டத்துக்காரர்களுக்கும் பெயர்தான் மாறும்.

முதலில் வரைபடம். கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்தால் பழைய வருடங்களின் படங்களையும் பார்க்கலாம், கால்வாய் போகும் தடம் சில ஊர்களில் அதிலேயே தெரிந்துவிடும். தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டை (எந்த நிலம் என்ன வகை என்று குறித்திருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) பார்த்தால் எது ஓடை, எது வாய்க்கால், எது மேய்ச்சல் புறம்போக்கு என்று தெரியும். இரண்டையும் பிரிண்ட் எடுத்து, தண்ணீர் வரும் வழியைப் பிள்ளைகளையே நீலப் பென்சிலால் போடச் சொல்லுங்கள். நீலக்கோடு யாராவது ஒருவர் காம்பவுண்டு சுவருக்குள் நுழையும், அது நிச்சயம். அங்கே ஆக்கிரமிப்புப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள், அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் நடை. ஆனி, ஆடியில், வெயில் ஏறுவதற்கு முன்னால், கால்வாயின் மேல்முனையில் தொடங்கிக் கரை வரைக்கும். மடை, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடும் மதகைத் திறந்து பாய்ச்சிய பெரியவர் யாராவது ஊரில் இருப்பார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஒரு பெயர். அவரைக் கெஞ்சியாவது கூட்டி வாருங்கள். தண்ணீர் குறைந்தால் எந்த மடையை முதலில் அடைப்பார்கள், யார் வயல் காயும், கலுங்கு (கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) தாண்டிய தண்ணீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் என்றெல்லாம் பிள்ளைகளே அவரிடம் கேட்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

மண் அரிப்பைக் காட்ட மூன்று பிளாஸ்டிக் பாட்டில் போதும். படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி மூன்றிலும் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்று வெறும் மண், ஒன்றில் மேலே சருகு, ஒன்றில் இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி முளைத்த கேழ்வரகு. வாய்ப்பக்கம் சற்றுச் சரிவாக வைத்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வடிவதைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். வெறும் மண்ணின் டம்ளர் டீ போலக் கலங்கியிருக்கும். வயலின் மேல்மண் கண்மாயில் போய் வண்டலாகப் படிவது இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அனுமதி வாங்கி அந்த வண்டலை விவசாயிகள் திரும்ப வயலுக்கே அடிப்பதையும் சொல்லுங்கள்.

மழைமானிக்கு, அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். இதில் கணக்குப் பாடம் இருக்கிறது: 20 மி.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய 80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எத்தனை லோடு என்று வகுக்கச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்மாய்க்கு மேலே கிடக்கும் பொட்டலைப் பார்த்ததும் "சும்மா கிடக்குதே, மரம் நடலாம்" என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம். அந்தப் புல்லும் முள்ளும்தான் கவுதாரிக்கும் வானம்பாடிக்கும் வீடு, ஆள்காட்டி வெறுந்தரையிலேயே முட்டையிடும். சீமைக்கருவேலத்தை எடுப்பது வேறு விஷயம். பொட்டலில் அரைமணி நேரம் பேசாமல் உட்காரவைத்து, குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியில் குரல்களைப் பதிந்து, பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற கதையை அங்கேயே சொல்லலாம். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்வதைச் சொன்னால் பறவைக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியே வராது.

வடகிழக்குப் பருவமழை வலுத்தபின், கார்த்திகைவாக்கில், அதே வழியில் இன்னொரு நடை. இம்முறை கரைமேல் மட்டும். மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது, ஒரு பிள்ளையையும் உள்ளே இறக்காதீர்கள். ஆனியில் போட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வராமல் நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும், அந்தப் படத்தையே மனுவோடு கொடுக்கலாம். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை, எனவே மனுவை யார் பெயருக்கு எழுதுவது என்பதை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.