ஓதம் ஏறும் வீட்டில் பழைய வேட்டைக் கத்திகள்: வாங்குவது, துடைப்பது, மாட்டி வைப்பது

என் அம்மாவின் அப்பா குடகில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்று மயிலாடுதுறைப் பக்கம் வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் ஒரு வேட்டைக் கத்தி இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது, எருமைக்கொம்புப் பிடி, தடித்த தோல் உறை. அதிலிருந்து தொடங்கிய சேகரிப்பில் இன்று பதினான்கு கத்திகள் இருக்கின்றன. இரண்டு ஐப்பசி மழைக்குள் அவற்றில் ஐந்தைத் துருவுக்குக் கொடுத்தேன். நான் படித்த குறிப்புகளெல்லாம் காய்ந்த, குளிர்ந்த ஊர்களின் வீட்டை மனதில் வைத்து எழுதியவை. மழையும் சுவர் ஈரமும் (ஓதம்) உள்ள நம் பகுதி வீடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: பிடியைப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள்

புதிதாகச் சேர்ப்பவர்கள் அலகின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். நீங்கள் பிடியைப் பாருங்கள். பழைய வேட்டைக் கத்திகளில் மான்கொம்புப் பிடி மிக அதிகம். கடமான், புள்ளிமான் கொம்புகளை வாங்குவதும் விற்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்று விற்பவர் சொன்னாலும் வாங்காதீர்கள். தந்தத்துக்கும் இதே பதில்தான். வீட்டில் பரம்பரையாக இருந்தால் அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

அடையாளம் காண்பது கடினமில்லை. மான்கொம்பின் மேல்பக்கம் மரப்பட்டை போல வரியும் முண்டுமாக இருக்கும். அறுபட்ட முனையில் நடுப்பகுதி பஞ்சு போல் துளைதுளையாகத் தெரியும். எருமைக்கொம்பு வழவழப்பானது. கறுப்பு, விளக்குக்கு நேரே பிடித்தால் மெல்லிய இடத்தில் தேன் நிறம் கசியும். எலும்பில் ஊசி குத்தியது போன்ற சின்னப் புள்ளிகள் இருக்கும். சுட்ட ஊசியை வைத்து மோந்து பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நூறு வருடப் பிடியில் விழுந்த வடு போகாது.

அளவும் முக்கியம். வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்யாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், 2016 ஆயுத விதிகள் அதை ஆயுத வகையில் சேர்க்கின்றன. நான் அந்த அளவைத் தாண்டுவதே இல்லை. நல்ல வேட்டைக் கத்திகள் பெரும்பாலும் 4 முதல் 6 அங்குலம்தான். நூறு வருடத்தைத் தாண்டியது தொல்பொருள் என்ற கணக்கில் வரும். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குப் பரிசாக அனுப்ப முடியாது.

அடுத்து: முத்திரையைப் படிப்பது

பிடிக்கு அருகே, கூர் தொடங்காத இடத்தில் முத்திரை இருக்கும். நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படுவது ஷெஃபீல்டின் ஜோசப் ரோட்ஜர்ஸ் (Rodgers) நிறுவனத்தின் முத்திரை. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அவர்களின் குறி. ஆங்கிலத்தில் பெயர் நடுவே 'டி' (d) எழுத்து உண்டு, அது இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். கிரீடத்தின் இருபக்கமும் 'வி ஆர்' என்றிருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901-க்கு முன். 'ஜி ஆர்' இருந்தால் பெரும்பாலும் 1910-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தி 1949-க்கு முன் செய்ததாக இருக்க முடியாது. அதை முதல் உலகப் போர்க் கத்தி என்று ஒருவர் என்னிடம் விலை சொன்னார்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. பழைய எஃகு எப்படிக் கறுத்திருக்கும், வெள்ளி எப்படி மங்கியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், செயற்கையாகப் பழசாக்கிய கத்தி உடனே தனியாகத் தெரியும்.

துடைப்பது

சாணை பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். எலுமிச்சை, புளி வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. எஃகில் புளி பட்டால் சாம்பல் திட்டு விழும், அது நிரந்தரம். சாம்பல், கறுப்பு நிறத்தில் படிந்திருப்பது கத்தியின் வயது, அதைத் தொட வேண்டாம். எடுக்க வேண்டியது செம்மண் நிறத் தூள் துருவை மட்டும்.

துரு இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு பழைய காலணாக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பும் வெண்கலமும் எஃகைவிட மென்மை, அதனால் துரு உரிந்து வரும், கீறல் விழாது. கடையில் கிடைக்கும் எந்தத் துரு நீக்கியைவிடவும் எனக்கு இந்தக் காசுதான் நம்பிக்கை. கடைசியில் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய்ப் பூச்சு. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காட்சிக்கு வைப்பது: நான் தவறிய இடம்

முதல் பெட்டியை ஆசை ஆசையாகச் செய்தேன். புதுப் பிளைவுட், உள்ளே பசை தடவி ஒட்டிய சிவப்பு வெல்வெட், மேலே இறுக்கமான கண்ணாடி. காற்றே புகாவிட்டால் துருவும் வராது என்று நினைத்தேன். கூடத்தின் வடக்குச் சுவரில், ஆணியடித்து ஒட்டினாற்போல் மாட்டினேன். தாத்தாவின் கத்தி அதன் உறைக்குள்ளேயே இருந்தது.

கார்த்திகையில் திறந்தபோது வெல்வெட்டில் படுத்திருந்த பக்கம் முழுவதும் செந்துரு. மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. உறையை உருவினால் கத்தியின் பித்தளைப் பாகம் முழுக்கப் பச்சைப் பிசின், அலகில் குழி குழியாக அரிப்பு. அந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். புதுப் பிளைவுட்டும் பசையும் பல மாதங்களுக்கு அமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கமான பெட்டிக்குள் அது போக வழியில்லை. வெல்வெட் ஈரத்தைக் குடித்து எஃகோடு ஒட்டி வைக்கிறது. தோல் பதனிட்ட சரக்கு பித்தளையையும் எஃகையும் தின்னும். போதாததற்கு நம் பழைய சுவரில் தரையிலிருந்து மூன்றடி, நான்கடி வரை ஓதம் ஏறும். மழைக்காலத்தில் இரவில் குளிர்ந்த சுவர், பெட்டியின் முதுகையும் குளிர வைத்து உள்ளே வியர்க்க வைக்கிறது.

இப்போது நான் செய்வது: வீட்டின் உள்சுவர், தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல். சட்டத்தின் நான்கு மூலையிலும் அரை அங்குல ரப்பர் கட்டை, பின்னால் காற்று ஓட. மரம் பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து எடுத்தது, ஆண்டுக்கணக்கில் காய்ந்தது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டால் கிடைக்கும். வெல்வெட்டுக்குப் பதில் கஞ்சி போக இரண்டு தடவை அலசிய வெள்ளைப் பருத்தித் துணி, பசை இல்லாமல் பின்பக்கம் இழுத்துத் தைத்தது. கத்தி அந்தத் துணியையும் தொடுவதில்லை. இரண்டு அக்ரிலிக் கொக்கிகள் அதைத் துணியிலிருந்து ஒரு விரல் தள்ளித் தாங்குகின்றன. மீன்பிடி நரம்பால் ஒரு சுற்று, விழாமல் இருக்க. உறை தனியாக அலமாரியில். இரண்டுக்கும் ஒரே எண் எழுதிய சீட்டை நூலில் கட்டிவிட்டால் குழப்பம் வராது.

பெட்டிக்குள் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வையுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைமழை நாளில் நம் வீட்டுக்குள் 80-ஐ எளிதாகத் தாண்டும். அதற்குச் சிலிக்கா ஜெல் வேண்டும். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீலத்தில் கோபால்ட் கலந்திருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். பச்சையானதைச் சமையலுக்கு எடுக்காத சட்டியில் இளந்தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை வறுக்கிறேன். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடல் காற்றில் உப்பும் சேர்ந்து வரும், அங்கே எண்ணெய்ப் பூச்சையும் மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். பெட்டிக்குப் பூட்டு கட்டாயம்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டு கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டார்: எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு கத்தியிலும் ஒரே அளவில் வட்டத் துரு, ஏன்? ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி இருந்தாலே போதும், உடனே மழைக்காலமும் வந்துவிடுகிறது. காவிரி பிறக்கும் குடகிலும் கைல்போடு நாளில் ஆயுதங்களை வணங்குகிறார்கள், பூஜையை விட வேண்டியதில்லை. பொட்டைச் சட்டத்துக்கு வையுங்கள், பூவை எதிரே தட்டில் வையுங்கள்.

இன்னொருவர் பெட்டியில் ஒரு கத்தியைச் சுற்றி இருந்தவை மட்டும் துருப்பிடித்தன. பிடியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னேன். கற்பூர வாசனை வந்தது. அது செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக், பழுதாகும்போது அமில வாயு விடும், எளிதில் தீயும் பிடிக்கும். அந்த ஒன்றை இப்போது தனியாக, காற்றோட்டமான மர அலமாரியில், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தூரத்தில் வைத்திருக்கிறார்.