பிராசசர் கொதிக்கிறதா? சூடு ஏறும் விதத்தை முதலில் பாருங்கள்

வீடியோ எடிட்டிங்கின் நடுவில் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே போட்டால் சற்று நேரத்தில் மறுபடியும் அணைகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. மேசைக் கணினியில் இது பிராசசர் சூடேறுவதன் வழக்கமான அடையாளம். இதைப் பார்த்ததுமே "பிராசசர் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதும் ஆட்கள் உண்டு, நம்பிவிடாதீர்கள். பிராசசர் அவ்வளவு சுலபத்தில் போகாது. எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினியையே அணைத்துவிடும்.

ஆனால் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழுதானாலும் கணினி இப்படித்தான் அணையும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும்.

படி 1: அளப்பது

பிராசசரின் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள்களான கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ மானிட்டர் இரண்டில் ஒன்றை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். வேலை எதுவும் கொடுக்காமல் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் 35 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். முழு வேலையில் 80ஐ ஒட்டிப் போவதில் தவறில்லை. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு உச்ச எல்லை 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் உயர்ரகப் பிராசசர்கள் முழு வேலையில் 95 வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அறையின் வெப்பத்தையும் கணக்கில் சேருங்கள். அறை 25 டிகிரியிலிருந்து 38க்குப் போனால், பிராசசரும் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாகக் காட்டும். ஜனவரியில் ஒழுங்காக ஓடிய கணினி அக்னி நட்சத்திரத்தில் தகராறு செய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வேலையே இல்லாதபோதும் 70ஐத் தாண்டுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு நிரல் பிராசசரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். திருட்டு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து, உங்கள் கணினியில் பிறருக்காக கிரிப்டோ நாணயம் ஈட்டும் கிரிப்டோ மைனர்கள் இந்த வேலையைச் செய்யும்.

படி 2: ஏறும் வேகத்தைக் கவனிப்பது

இந்தப் படியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் 'பெஞ்ச்' பிரிவுக்குப் போய் 'ஸ்ட்ரெஸ் சிபியூ' பொத்தானை அழுத்துங்கள். பிராசசருக்கு முழு வேலை கிடைக்கும். இப்போது கண் வெப்பநிலையின் மீதே இருக்கட்டும்.

அழுத்திய சில நொடிகளில் 45லிருந்து 95க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் கீழே விழுந்தால், பிராசசரில் பிறக்கும் சூடு, அதன் மேல் உட்கார்ந்து குளிர்விக்கும் கூலரின் உலோகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. படி 4க்குப் போங்கள்.

பத்து, பதினைந்து நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் சூடு கூலருக்கு வந்துவிட்டது, வெளியேற வழியில்லை என்று பொருள். தூசி, காற்றோட்டம், மெதுவாகச் சுற்றும் ஃபேன் ஆகியவற்றில் ஒன்று காரணம். இதே சோதனையைக் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து மறுபடி செய்யுங்கள். ஏழெட்டு டிகிரி குறைந்தால் குறை கேபினட்டின் காற்றோட்டத்தில். கதவு போட்ட கணினி மேசைக்குள் கேபினட்டை அடைத்துவைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படி 3: தூசி தட்டுவது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேன் இறக்கையைத் துடைத்ததோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி படலமாகத் திரண்டு கிடக்கும். இறக்கை பளிச்சென்று இருந்தாலும் காற்று ஒரு சொட்டும் உள்ளே போகாது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும்.

ஃபேன் கம்பி மதர்போர்டில் 'சிபியூ ஃபேன்' என்று அச்சிட்ட இடத்தில் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு இடத்தில் செருகியிருந்தால் பிராசசரின் சூட்டுக்கேற்ப வேகம் கூடாமல் போகலாம்.

படி 4: கூலரைக் கழற்றி மாட்டுவது

இன்டெல் பிராசசரோடு பெட்டியில் வரும் கூலர்களில் பெரும்பாலும் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அது காட்டும் திசையில் கால்வாசிச் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். எதிர்த்திசையில் திருப்பினால் மறுபடி மாட்டுவதற்குத் தயார்.

கோளாறு இந்தக் கால்களில்தான் அடிக்கடி நடக்கிறது. நான்கில் ஒன்று துளைக்குள் முழுதாக இறங்காமல் நின்றாலே கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் பிளந்த கால் முழுதாக வெளியே வந்து, நடுவிலுள்ள ஊசி அதை அகட்டிப் பிடித்திருக்க வேண்டும்.

கூலரைக் கழற்றிவிட்டாலே பேஸ்ட்டும் புதிதாக வைக்க வேண்டும். பழையதன் மேல் அப்படியே உட்காரவைக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் இரு பரப்புகளையும் துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். பற்பசை தடவச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், அது சில நாட்களில் காய்ந்து உதிரும். புதிய கூலரென்றால் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று பாருங்கள்.

ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். பேஸ்ட் இறுகிப்போன நிலையில் கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேஸ்ட் இளகிய சூட்டோடு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள்.

படி 5: மீண்டும் அதே சோதனை

சிபியூ-இசட்டை மறுபடி ஓட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் மெல்ல ஏறி 90களிலேயே நின்றால், பிராசசரின் சூட்டுக்குக் கூலர் சிறியது. கோர் ஐ7-12700கே போன்ற 125 வாட் பிராசசர்கள் கூலர் இல்லாமலேயே விற்கப்படுகின்றன. பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறிய கூலர் அவற்றைத் தாங்காது. உயரமாக நிற்கும் பெரிய டவர் கூலர் வாங்குங்கள். வாங்கும் முன் அதன் உயரத்தை உங்கள் கேபினட் ஏற்குமா, அதன் பிடிகள் உங்கள் சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். கூலர் வந்து சேரும்வரை விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதமாகக் குறைத்து வைக்கலாம். பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி எடுக்கும் டர்போ வேகம் நின்று, சூடும் இறங்கும்.