தெம்பு தீர்வதற்கு முன்பே நிறுத்துவது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விசேஷங்களுக்கும் தலைகாட்டிவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி அலுப்பாக இருக்கிறது" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தெம்பின் எல்லை எது என்று கண்டுபிடித்து, அதைத் தொடும் முன்பே "முடியாது" என்று சொல்லவும் ஓய்வெடுக்கவும் பழகுவதுதான் விஷயம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். செயலி எதுவும் தேவையில்லை. அதைப் பராமரிப்பதே இன்னொரு வேலையாகிவிடும்.

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு எல்லாமே "சோம்பேறித்தனம்" என்ற பெயரில் வருஷக்கணக்காக வீட்டுக்குள் ஒளிந்திருக்கக்கூடியவை. ஆண்களும் பார்த்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு யாரிடம் எத்தனை முறை "முடியாது" என்று சொன்னாலும் அலுப்பு போகாது.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

தினமும் மூன்று வேளை: எழுந்ததும், மதியம் மூன்று மணி வாக்கில், படுக்கும் முன். அந்த நேரத்தில் தெம்பு பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண். பக்கத்தில் ஒரே வரி: எது ஏற்றியது, எது இறக்கியது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள், பல வீடுகளில் அதுதான் வாரத்திலேயே கனமான நாள்.

இந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். சும்மா கவனித்தால் போதும்.

நோட்டில் வருவது நீங்கள் நினைத்ததுபோல் இருக்காது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்த கணக்கு வேலை தெம்பைக் குறைக்காமல் இருக்கலாம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்காக நடந்த பத்து நிமிடச் சண்டை ஆளைச் சாய்த்திருக்கலாம். ஆகவே நேரத்தையும் தெம்பையும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். "கொஞ்ச நேரம்தானே" என்று ஒப்புக்கொள்ளும் வேலைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டும்.

உங்கள் முன்னறிகுறியைப் பிடியுங்கள்

எல்லை என்றால் படுத்த படுக்கையாக விழும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனபிறகு வருவது. அதற்கு ரொம்ப முன்பே ஏதாவது சின்னதாகத் தெரியும். ஒரே மெயிலை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறாது. சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று நினைவிருக்காது. பிள்ளை ரப்பர் கேட்டதற்கு எரிந்து விழுவீர்கள். தூக்கம் கண்ணைச் சுற்றும், ஆனால் கை மட்டும் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் 'பர்ன் அவுட்' நிலையை விளக்கியபோது அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. நாள்பட்டு நீடித்த, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. அதற்கு மூன்று கூறுகள்: தெம்பு வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புத் தட்டுதல், செய்திறன் குறைதல். என் பார்வையில் இரண்டாவதுதான் நழுவிவிடும். "யாருக்கு என்ன ஆனா எனக்கென்ன" என்று தோன்றுவதைக் குணக்கேடு என்று நினைத்துத் திட்டிக்கொள்வோமே தவிர, அலுப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்.

உங்களுக்கென்று இருக்கும் அறிகுறிகளில் ஒன்றிரண்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தெரியவில்லையா, வீட்டில் கேளுங்கள். உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

யார் எவ்வளவு சுமக்கிறார்கள்?

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் "உன் எல்லையை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்வதில் நியாயமில்லை.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுங்கள். சிலிண்டர் பதிவு செய்வது கணவரின் வேலை என்றால், எப்போது தீரும் என்று பார்ப்பதும் அவர் வேலைதான். நீங்கள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தால் பாதிச் சுமை உங்களிடமே நிற்கிறது. முதல்முறை அவர் மறப்பார், ஒருநாள் இட்லி கடையிலிருந்து வரும். வரட்டும்.

ஒன்றே ஒன்றைக் குறையுங்கள்

நோட்டில் தெம்பை அதிகம் இறக்கியவற்றில், விட்டால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுதான். ஐந்தை ஒரேயடியாக வெட்டினால் இரண்டாம் வாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது, சொல்வது. யாராவது எதையாவது கேட்டால் அந்த நொடியே பதில் சொல்லாமல், "நாளைக்குக் காலையில சொல்றேன்" என்று நேரம் வாங்குங்கள், காலையில் மறக்காமல் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று விட்டால் எதிராளி வருவதாகவே எடுத்துக்கொள்வார். காரணத்தைச் சுருக்கமாக வையுங்கள். "பஸ் கிடைக்காது அத்தை" என்றால் அத்தை கார் அனுப்பிவிடுவார். அதற்குப் பதில்: "இந்த ஞாயிறு வர முடியல அத்தை. அடுத்த மாசம் வந்து ஒரு நாள் உங்ககூட இருக்கேன்." அப்புறம் அந்த ஒரு நாளைக் கட்டாயம் கொடுங்கள்.

அலுவலகத்தில் நேரடியாக மறுக்க முடியாத இடங்களில் முன்னுரிமையைக் கேளுங்கள்: "சார், இதை வெள்ளிக்குள்ள முடிச்சா அந்த ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் வரும். எது முதல்ல வேணும்?" முடிவு அவருடையது, உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தச் சலுகை எல்லா வேலையிலும் கிடையாது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர் தானாக எல்லை போட்டுக்கொள்ள முடியாது. அவர் உட்கார ஒரு நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

அலுக்கும் முன்பே ஓய்வு

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. தொழிலாளி களைத்துவிட்டாரா என்று அது கேட்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முன்னறிகுறி எப்போதும் மாலை நான்கு மணிக்கு வருகிறது என்றால் மூன்றரைக்கே பத்து நிமிடம் எழுந்து போங்கள், போனை மேசையிலேயே விட்டுவிட்டு.

மாலைக் காபியையும் கொஞ்சம் கவனியுங்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளேயே இருக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதைக் குறைத்துக்கொண்டு மற்ற படிகளைச் செய்து பயனில்லை.

ஒரு மாதம் கழித்து

மறுபடி ஒரு வாரம் எழுதி, இரண்டு வார எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாராவது முகம் சுளித்திருப்பார்கள். உங்களுக்கும் குற்ற உணர்ச்சி இருக்கும், அது பழக்கம் மாறுவதால் வருவது. எண் ஏறியிருந்தால் அடுத்த ஒன்றைக் கையில் எடுங்கள். ஏறவில்லை என்றால் நீங்கள் குறைத்த வேலை தவறான தேர்வு, வேறொன்றைப் பாருங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.