சின்ன கால்பந்து கிளப்பைப் பசுமையாக நடத்த

முதலில் மைதானத்தைப் பாருங்கள். தண்ணீர் அங்கேதான் போகிறது. எங்கள் கிளப்பில் தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதில்லை. இடைவெளி விட்டு, விடியற்காலையில், மண் ஊறும்வரை விடுகிறோம். நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்ப்பேன்: பிடிவரை சுலபமாக இறங்கினால் குழாயை மூடிவிடலாம். வேரும் ஆழமாக ஓடும். புல்லை ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். வெட்டியதை அங்கேயே விட்டால் மட்கி உரமாகும், யூரியா செலவும் குறையும்.

மைதானத்தில் மின்சாரம் அதிகம் இழுக்கும் பழைய மெட்டல் ஹாலைடு வகை விளக்குகள் இருந்தால் எல்இடிக்கு மாற்றுங்கள். ஜெர்சியில் பெயரும் ஆண்டும் வேண்டாம், எண் போதும்; அடுத்த அணிக்கும் கொடுக்கலாம். பையன்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். வெளியூர் ஆட்டத்துக்கு ஆளுக்கொரு வண்டி எதற்கு, ஒரே வேனில் போங்கள். தண்ணீருக்குப் பெரிய கேன் வையுங்கள். சொந்த பாட்டில் கொண்டுவராதவர் அன்றைக்குப் பந்து பொறுக்கட்டும்.